ஏர் இந்தியாவின் பழைய காகிதங்கள்: ஆண்டைக் கணிப்பதும் கெடாமல் காப்பதும்

வீட்டுப் பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்தால், காலாவதியான பாஸ்போர்ட்டுகளோடு சேர்த்துக் கட்டப்பட்ட ஏர் இந்தியா டிக்கெட் உறையோ, லக்கேஜ் அட்டையோ, அந்நிறுவனத்தின் சின்னமான மகாராஜாவின் படம் போட்ட தபால் அட்டையோ கிடைப்பது தமிழ்க் குடும்பங்களில் அரிதல்ல. அது எந்த ஆண்டினது என்று பெரியவர்களைக் கேட்டால், "அந்தக் காலத்தில் ஏர் இந்தியாவில் ராஜ உபசாரம்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அந்தப் பதிலில் உண்மை உண்டு. ஆனால் 1932-இல் தபால் பை சுமந்த ஒற்றை இயந்திர விமானத்தோடு தொடங்கிய நிறுவனம் 1971-இல் ஜம்போ ஜெட் வாங்கியது. இந்த நாற்பது ஆண்டுகளையும் ஒரே "அந்தக் கால"மாக ஆக்கிவிட்டால் ஏக்கம் மட்டும் மிஞ்சும், செய்தி தொலைந்துபோகும். காகிதத்தின் ஆண்டு தெரிந்துவிட்டால், போனவர் யார், எதற்காகப் போனார், யார் பணத்தில் போனார் என்ற கேள்விகளுக்கும் வழி திறக்கும். ஆகவே பாதுகாப்பதற்கு முன் ஆண்டைக் கணிக்க வேண்டும்; அதற்குத் தேவையான தடயங்கள் பெரும்பாலும் காகிதத்திலேயே இருக்கின்றன.

கணிக்கும்போது ஒரு விதியை மறக்கக் கூடாது. ஒரு புதிய பெயர் அச்சாகியிருந்தால், அந்தப் பெயர் பிறந்த நாளுக்கு முன் அந்தக் காகிதம் இருந்திருக்க முடியாது. பழைய பெயர் இருப்பதால் மட்டும் அது பெயர் மாறுவதற்கு முந்தையது என்று சொல்லிவிட முடியாது. அச்சடித்து வைத்த உறைகளும் அட்டைகளும் தீரும்வரை அலுவலகங்கள் அவற்றையே பயன்படுத்தும்.

நிறுவனத்தின் பெயர்

முதலில் பெயரைப் பாருங்கள். டாடா ஏர்லைன்ஸ் என்ற பெயரோடு இருப்பது பெரும்பாலும் 1946 ஜூலைக்கு முந்தையது. அந்த மாத இறுதியில் டாடா ஏர்லைன்ஸ் பொதுப் பங்கு நிறுவனமாகி, ஏர்-இந்தியா என்று பெயர் மாறியது. தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக இருக்கும் மகாராஜாவும் அதே 1946-இல்தான் பிறந்தார். நிறுவனத்தின் வணிகப் பிரிவில் இருந்த பாபி கூகாவும், ஜே. வால்டர் தாம்ஸன் விளம்பர நிறுவனத்தின் ஓவியர் உமேஷ் ராவும் அவரை உருவாக்கினார்கள். ஆகவே மகாராஜா இருக்கும் எந்தக் காகிதமும் 1946-க்கு முன் செல்லாது.

1948-இல் வெளிநாட்டுச் சேவைக்கென்று ஏர்-இந்தியா இன்டர்நேஷனல் என்ற தனி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதில் இந்திய அரசுக்கு 49 விழுக்காடு பங்கு இருந்தது. 1953 ஆகஸ்ட் 1 அன்று விமானத் துறை நாட்டுடைமையானபோது வெளிநாட்டுச் சேவை ஏர்-இந்தியா இன்டர்நேஷனலிடமே இருந்தது; உள்நாட்டுச் சேவை, பழைய ஏர்-இந்தியாவையும் உள்ளிட்ட எட்டு நிறுவனங்களை ஒன்றாக்கி உருவான இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பரேஷனுக்குப் போனது. 1962 ஜூனில் "இன்டர்நேஷனல்" என்ற சொல் உதிர்ந்தது. எனவே "இன்டர்நேஷனல்" இருந்தால் அந்தக் காகிதம் 1948-க்கும் 1962-க்கும் இடைப்பட்டதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

குடும்ப நினைவுகள் அடிக்கடி பிசகும் இடமும் இதுதான். "1965-இல் ஏர் இந்தியாவில் டில்லிக்குப் போனோம்" என்று சொல்லும் பெரியவர் ஏறியது பெரும்பாலும் இந்தியன் ஏர்லைன்ஸாக இருக்கும். "1950-இல் ஏர் இந்தியாவில் மதராஸிலிருந்து பம்பாய் போனோம்" என்பவரோ சரியாகவே சொல்லியிருக்கலாம், ஏனெனில் அப்போது உள்நாட்டுச் சேவையிலும் அந்தப் பெயர் இருந்தது. நினைவைத் திருத்தப் போவதற்கு முன் டிக்கெட்டைப் பாருங்கள்.

விமானமும் அதற்கு இட்ட பெயரும்

தபால் அட்டையிலோ நேர அட்டவணையிலோ விமானப் படம் இருந்தால், வாலைப் பாருங்கள். மூன்று செங்குத்துத் துடுப்புகள் உள்ள வால், லாக்ஹீட் கான்ஸ்டெலேஷனுக்கு உரியது. 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்ட முதல் வெளிநாட்டுச் சேவை விமானம் அந்த வகைதான். அதன் பெயர் மலபார் பிரின்சஸ். அந்த வரிசை விமானங்களுக்கு இளவரசிகளின் பெயர்களே வைக்கப்பட்டன. 1954 முதல் வந்த சூப்பர் கான்ஸ்டெலேஷனுக்கும் அதே மூன்று துடுப்பு வால் உண்டு, ஆனால் உடல் நீளமானது; பெயர்களும் ராணி ஆஃப் ஜான்சி என்பது போல ராணிகளுக்கு உயர்ந்தன. சிங்கப்பூருக்கு ஏர்-இந்தியா இன்டர்நேஷனல் பறக்கத் தொடங்கியதும் 1954-இல்தான் என்பதால், நம் வீடுகளில் கிடைக்கும் சிங்கப்பூர்க் காகிதங்களுக்கு அந்த ஆண்டைக் கீழ் எல்லையாகக் கொள்ளலாம்.

1960-இல் போயிங் 707 வந்ததும் பெயர்கள் மலையேறின: கௌரி சங்கர், அன்னபூர்ணா, கஞ்சன்ஜங்கா. 1962-இல் பழைய புரொப்பெல்லர் விமானங்கள் எல்லாம் விலக்கப்பட்டு, முழுக்க ஜெட் விமானங்களையே இயக்கும் உலகின் முதல் நிறுவனம் என்ற பெருமையை ஏர் இந்தியா விளம்பரங்களில் பேசியது. "ஜெட்" என்ற சொல்லைப் பெரிதாக அச்சிட்ட கையேடுகள் அந்த ஆண்டுகளைச் சேர்ந்தவை என்று கருதுவதில் தவறில்லை. 1971-இல் வந்த போயிங் 747 விமானங்களுக்குப் பேரரசர்களின் பெயர்கள். முதலாவது எம்பரர் அசோகா. எழுபதுகளிலேயே அந்த வரிசையில் எம்பரர் ராஜேந்திர சோழாவும் சேர்ந்தார். கடல் கடந்து படை நடத்திய மன்னருக்குக் கடல் கடக்கும் விமானம் ஒன்றைக் கொடுத்தவரின் ரசனையைப் பாராட்டத்தான் வேண்டும். ஜன்னல்களைச் சுற்றி ராஜஸ்தானத்து மாடங்களைப் போன்ற வளைவுகள் தீட்டப்பட்ட விமானம் படத்தில் இருந்தால், அது இந்த 747 காலத்துக்கு உரியது.

புகைப்படங்களில் விமானமே தெரியாவிட்டாலும் பணிப்பெண்ணின் உடை உதவும். தொடக்க ஆண்டுகளில் அவர்கள் மேல்நாட்டுப் பாணியில் ஸ்கர்ட்டும் கோட்டும் தொப்பியும் அணிந்தார்கள். சேலை அறுபதுகளில்தான் வழக்கமான சீருடை ஆயிற்று.

ஊர், பணம், அஞ்சல் எண்

விமான நிறுவனத்தோடு தொடர்பில்லாத மாற்றங்களே பல நேரங்களில் துல்லியமான சான்றாக அமைகின்றன. கட்டணம் ரூபாய், அணாவில் அச்சிடப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. "நயா பைசா" என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. அலுவலக முகவரியின் முடிவில் மதராஸ்-2 என்பதுபோல வட்ட எண் மட்டும் இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முந்தைய அச்சு என்று கருதலாம். 600 002 என்று ஆறு இலக்கம் இருந்தால் கண்டிப்பாக அதற்குப் பிந்தையது, ஏனெனில் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. நியூயார்க் விமான நிலையத்தை ஐடில்வைல்ட் என்று குறிப்பிடும் அட்டவணை 1963 இறுதிக்கு முந்தையது. கென்னடி என்றால் அதற்குப் பிந்தையது. சிங்கப்பூரில் 1955 வரை காலாங், பிறகு 1981 வரை பாய லேபர், அதன்பின் சாங்கி. மலேயா 1963-இல் மலேசியா ஆனதும், சிலோன் 1972-இல் ஸ்ரீலங்கா ஆனதும் எல்லோரும் அறிந்ததே. இவற்றில் இரண்டு மூன்று தடயங்கள் ஒரே காகிதத்தில் சேர்ந்தால் காலம் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் சுருங்கிவிடும்.

டிக்கெட்டைப் படிக்கும் முறை

கையால் எழுதிய பழைய டிக்கெட் ஒரு சிறு புத்தகம் போன்றது. ஏஜெண்ட் மேல் தாளில் அழுத்தி எழுத, கார்பன் வழியாக எழுத்து அடுத்தடுத்த கூப்பன்களில் பதியும். விமானம் ஏறும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கூப்பனைக் கிழித்துக்கொள்வார்கள். பயணியின் பிரதி மட்டும் கடைசிவரை கையில் மிஞ்சும். ஆகவே ஒரு கட்டத்தின் கூப்பன் கிழிக்கப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தக் கட்டத்தில் அவர் அந்த டிக்கெட்டைக் கொண்டு பறக்கவில்லை என்றே பொருள். திரும்பி வரும் கூப்பன் பயன்படுத்தப்படாமல் இருப்பதைப் பார்த்தால், அதன் காரணத்தை வீட்டில் மெல்ல விசாரியுங்கள். அது ஒரு வேலை மாற்றமாக இருக்கலாம், கப்பலில் திரும்பியதாக இருக்கலாம், பேச விரும்பாத துக்கமாகவும் இருக்கலாம்.

டிக்கெட்டில் பலரும் தவறவிடும் செய்தி ஆண்டுதான். பயண நாளுக்கான கட்டத்தில் தேதியும் மாதமும் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். ஆண்டைக் காண வேண்டுமானால், டிக்கெட்டை விற்ற அலுவலகத்தின் முத்திரை விழுந்த மூலையைப் பார்க்க வேண்டும். ஊர்ப் பெயரும் விற்ற தேதியும் அங்கே இருக்கும். மை மங்கியிருந்தால் தாளைச் சாய்த்துப் பிடித்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்க்கலாம், அழுத்தத்தின் தடம் தெரியும். டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நிறுவனத்தைச் சொல்லும்: 098 என்றால் ஏர் இந்தியா, 058 என்றால் இந்தியன் ஏர்லைன்ஸ். லக்கேஜ் கட்டத்தில் எழுதிய எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண வகுப்புக்கு 20 கிலோ, முதல் வகுப்புக்கு 30 கிலோ என்ற வரம்புக்குள் ஒரு குடும்பம் எதையெல்லாம் எடுத்துப் போயிருக்கும் என்று யோசிப்பது நல்ல பேச்சுக்குத் தொடக்கமாகும்.

டிக்கெட்டோடு மடித்து வைத்த மற்றத் தாள்களை வேண்டாத குப்பை என்று பிரித்துவிட வேண்டாம். ரிசர்வ் வங்கியின் அனுமதிக்கான "பி ஃபார்ம்", அம்மை குத்திய சான்று, அன்னியச் செலாவணி குறித்த வங்கித் தாள் ஆகியவை அந்தப் பயணத்தின் உண்மையான எடையைச் சொல்பவை. வெளிநாடு போகிறவர் எட்டு டாலரை மட்டும் எடுத்துச் செல்ல முடிந்த காலம் ஒன்று இருந்தது. பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் முதல் வகுப்பின் வெள்ளிக் கரண்டியைப் பற்றி எழுதும் அளவுக்கு இந்தத் தாள்களைப் பற்றி எழுதுவதில்லை என்பது என் வருத்தம்.

கடிதங்களும் முதல் சேவை உறைகளும்

பெரும்பாலான குடும்பங்களில் யாரும் விமானம் ஏறியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் இந்த நிறுவனத்துக்கும் இருந்த உறவு தபால் வழியாக வந்த உறவு. அதுவே முதலில் தோன்றிய உறவும்கூட. லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் கராச்சிக்குக் கொண்டுவந்த தபாலை, 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாடா பஸ் மாத் விமானத்தைத் தாமே ஓட்டி, அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹுவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து அவருடைய கூட்டாளியான விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மதராஸுக்குப் பறந்தார். ஆக, ஏர் இந்தியாவின் முதல் பாதையின் ஒரு முனை மதராஸ். 1938-இல் அது கொழும்பு வரை நீண்டது.

முப்பதுகளின் வான் தபால் உறை கிடைத்தால் முன்பக்கத்தோடு நிறுத்தாமல் பின்பக்கத்தையும் பாருங்கள். புறப்பட்ட ஊர் முத்திரை முன்னாலும், வந்து சேர்ந்த ஊர் முத்திரை பின்னாலும் இருந்து, இரண்டு தேதிகளும் விமானத்தின் பயண நேரத்துக்குப் பொருந்தினால் அந்த உறை நம்பத் தகுந்தது. ஒரு பாதையின் முதல் விமானச் சேவையைக் குறிக்கும் அலங்கார முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்து வருகை முத்திரை இல்லாவிட்டால் சற்றுச் சந்தேகப்படலாம். 1948 மே 29 அன்று வெளியான பன்னிரண்டு அணாத் தபால்தலையில் கான்ஸ்டெலேஷன் விமானம் இருக்கும். அது ஜூன் 8 லண்டன் சேவையை ஒட்டி வெளியிடப்பட்டது. அந்தத் தலை ஒட்டிய உறை கிடைத்தால் தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். உறையோடு இருந்தால்தான் அதற்கு வரலாறு.

சேகரிப்பாளர்கள் தமக்குத் தாமே அனுப்பிக்கொண்ட முதல் சேவை உறைகளுக்குச் சந்தையில் விலை உண்டு. என்னைக் கேட்டால், பினாங்கிலிருந்து அண்ணன் தங்கைக்கு எழுதி, ஓரத்தில்கூட இடம் விடாமல் நிரப்பிய நீல நிற ஏரோகிராம் (உறையில்லாமல் மடித்து ஒட்டி அனுப்பும் வான் தபால் தாள்) அவற்றைவிட மேலானது. ஆனால் அந்த ஏரோகிராமை எந்த நிறுவனத்தின் விமானம் கொண்டுவந்தது என்பதைப் பெரும்பாலும் நிறுவ முடியாது. ஆகவே அதை ஏர் இந்தியாப் பொருள் என்று எழுதிவைக்காமல், வான் தபால் என்று மட்டும் குறியுங்கள்.

பெரியவர்களிடம் கேட்பது

"அப்போது எப்படி இருந்தது?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரியாகத்தான் பேசுவார்கள். காகிதத்தைக் கையில் கொடுத்துச் சின்னச் சின்னதாகக் கேட்க வேண்டும். டிக்கெட்டுக்குப் பணம் யார் கொடுத்தார்கள், மீனம்பாக்கத்துக்கு வழியனுப்ப எத்தனை பேர் எதில் வந்தார்கள், மாலை போட்டு எடுத்த படத்தில் ஓரமாக நிற்பவர் யார், பெட்டியில் ஊறுகாய் இருந்ததா, சைவச் சாப்பாடு கிடைத்ததா, இறங்கிய ஊரில் யார் வந்து அழைத்துப் போனார்கள். ஆண்டு நினைவில் இல்லாவிட்டாலும் "உன் சித்தப்பா பிறப்பதற்கு முன்" என்பது போன்ற குறிப்பு வரும். அதை அப்படியே எழுதிக்கொண்டு மேலே சொன்ன தடயங்களோடு ஒப்பிடலாம். அவர்கள் அனுமதியோடு கைப்பேசியில் பதிவு செய்து, பேசிய மொழியிலேயே எழுத்தாக்குங்கள். அத்தை "ஏரோப்ளேன்" என்று சொன்னால் ஏரோப்ளேன் என்றே எழுதுங்கள். காகிதமும் நினைவும் முரண்பட்டால் இரண்டையும் பதிவு செய்வதே முறை.

கெடாமல் காப்பது

நம் ஊர்க் காகிதங்களுக்கு எதிரிகள் வெப்பம், ஈரம், ராமபாணப் பூச்சி ஆகிய மூன்றும். நான்காவதாக, அன்பின் மிகுதியால் செய்யப்படும் லேமினேஷன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு காகிதத்துக்குச் சேதமில்லாமல் எடுக்க முடியாது. ஒட்டும் டேப்பும் அப்படித்தான். பசை பழுப்பேறிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். கிழிந்த தாளை ஒட்டாமல் இரண்டு துண்டுகளாகவே ஒரே உறையில் வைப்பது நல்லது.

லக்கேஜ் அட்டையின் துண்டை டிக்கெட் உறையில் ஸ்டேப்பிள் அடித்துக் கொடுப்பது அன்றைய வழக்கம். அந்தக் கம்பி துருப்பிடித்துத் தாளைத் தின்னும் என்பதால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எடுப்பதற்கு முன் இருந்தபடியே படம் பிடித்துவிடுங்கள். எந்த அட்டை எந்த டிக்கெட்டோடு சேர்ந்தது என்பதற்கு அந்தக் கம்பியே சாட்சி. பின்பக்கத்துக் கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்திவிட்டு மெதுவாக உருவலாம். ரப்பர் பேண்ட், குண்டூசி எல்லாவற்றுக்கும் இதே கதி.

ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் மினுமினுப்பான பிவிசி உறைகள் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து, எழுத்தைத் தம்மேல் இழுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் உறையோ அமிலமற்ற காகித உறையோ தபால்தலை சேகரிப்பவர்களுக்கான கடைகளில் கிடைக்கும். பாச்சை உருண்டையைப் பெட்டிக்குள் போடாதீர்கள். அதன் ஆவி பிளாஸ்டிக்கையும் புகைப்படத்தையும் கெடுக்கும். சிலிகா ஜெல் பொட்டலம் போதும், அதையும் மழைக்காலத்தில் மாற்ற வேண்டும். பரண் வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம்; வீட்டின் நடு அறையில் இடுப்பு உயரத்தில் உள்ள தட்டுதான் சிறந்தது. குறிப்பு எழுத வேண்டுமானால் பின்புறத்து ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பேனா கூடாது.

ஸ்கேன் செய்வதில் வரிசை முக்கியம். பிற்காலத்து போர்டிங் பாஸ்கள் சில வெப்பத்தாளில் அச்சானவை. அவற்றின் எழுத்து தானாகவே மறைந்துவிடும் என்பதால் அவற்றை முதலில் எடுங்கள். பிறகு கார்பன் பிரதிகள், அதன்பின் மற்றவை. 600 டிபிஐ அளவில், இரண்டு பக்கமும், வெற்றுப் பக்கங்களையும் விடாமல், ஓரங்களை வெட்டாமல் எடுக்க வேண்டும். கோப்புக்குப் பெயரிடும்போது ஆண்டை முதலில் எழுதினால் தானாகவே வரிசையில் நிற்கும். கணித்த ஆண்டு என்றால் "சுமார்" என்று சேர்த்துவிடுங்கள்.

வாங்குவதும் கொடுப்பதும்

வீட்டில் ஒன்றும் இல்லாதவர்கள் வாங்கிச் சேர்க்க நினைக்கலாம். நேர அட்டவணைகளும் தபால் அட்டைகளும்தான் குறைந்த விலையில் நிறையச் செய்தி தருபவை. 1967-இல் சால்வடோர் டாலி ஏர் இந்தியாவுக்காக வடிவமைத்த பீங்கான் சாம்பல் கிண்ணம் புகழ்பெற்றது. கூலியாக அவர் யானைக்குட்டி ஒன்று கேட்டு, நிறுவனமும் அதை அனுப்பிவைத்தது. சில நூறு மட்டுமே செய்யப்பட்ட அந்தக் கிண்ணத்தைத் தெருமுனைப் பழம்பொருள் கடையில் எதிர்பார்க்க வேண்டாம். 1950-இல் மலபார் பிரின்சஸும் 1966-இல் கஞ்சன்ஜங்காவும் மோன் பிளாங்க் மலையில் மோதி நொறுங்கின. இரண்டாவதில் ஹோமி பாபா இறந்தார். அங்குள்ள பனியாறு இன்றும் அவ்விமானங்களின் பொருள்களை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அத்தகைய பொருள் விற்பனைக்கு வந்தால், அது இறந்தவர்களின் உடைமை என்பதால் வாங்காமல் இருப்பதே முறை.

வீட்டில் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள் ஆவணக் காப்பகங்களுக்குக் கொடுக்கலாம். டாடா குழுமத்தின் பழைய ஆவணங்கள் புனேயில் உள்ள டாடா மத்திய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தமிழில் அச்சான விளம்பரம், கையேடு போன்றவற்றுக்குச் சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை அணுகலாம். நேரில் மூட்டையோடு போய் நிற்காமல், என்ன இருக்கிறது, எத்தனை தாள்கள், எந்த ஆண்டுகள், யார் வழியாக வந்தவை என்று ஒரு பட்டியலை முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். பாஸ்போர்ட், சான்றிதழ் போன்றவற்றில் உயிரோடு இருப்பவர்களின் விவரங்கள் இருந்தால் அவர்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்கிப் பட்டியலோடு இணைத்துவிடுங்கள். ஸ்கேன் பிரதிகளின் ஒரு தொகுப்பைக் கொடுப்பதற்கு முன்பே உடன்பிறந்தவர்களுக்கு அனுப்பிவிடுவதும் நல்லது, பிறகு கேட்டால் காப்பகத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கும்.